ஸ்பிரிங்வெளியில் மாரியாயி வந்த ஞாயிறு

பதுளை பஸ் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த ஸ்டீபன் சேர் முதலில் கேட்டது, "கம்பளிச் சட்டை கொண்டு வந்தீங்களா?" என்றுதான். இல்லை என்று தலையாட்டினேன். மணப்பாறையில் கம்பளிச் சட்டை எந்தக் கடையில் விற்கிறது என்றே எனக்குத் தெரியாது. மார்கழியில் காதைச் சுற்றி ஒரு துண்டு கட்டினால் எங்கள் ஊர்க் குளிர் முடிந்துவிடும். அவர் தன் கழுத்தில் இருந்த மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நாலு பேர் பார்க்க எனக்கு மாலை போடுவதுபோல் இருந்தது. நான் கேமராப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டீபன் சேர் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அங்கே ஆசிரியரை 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மனைவியின் சொந்தக்காரர்கள் ஒரு காலத்தில் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கு வந்து எங்கள் பக்கம் குடியேறியவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான். அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த சேர், "நீங்க யாரையும் அதட்டாம படம் எடுக்கிறீங்க. எங்க சனத்துக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்" என்றார். உண்மையில் எனக்கு அதட்ட வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவில் சேர்ந்த நாளிலிருந்து கேமராவுக்குப் பின்னால் நின்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அவர் கொடுத்த வேலை சுலபமானது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், சுற்றுவட்டாரத்து ஆட்கள் சனியும் ஞாயிறும் கூடி, தங்களுக்குத் தெரிந்த பாட்டையும் தப்படியையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். அதை நான் படம் பிடிக்க வேண்டும். நல்ல படங்களை மாதா கோயில் மண்டபத்துச் சுவரில் மாட்டுவார்கள். கடல் தாண்டி வந்து எடுக்கும் முதல் வேலை என்பதால் வீட்டில் என் மனைவி இரண்டு தடவை சூடம் சுற்றினாள்.

பதுளையிலிருந்து மேலே போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, மடியில் ஒரு கருவாட்டுப் பொதியோடு. வளைவுக்கு வளைவு அந்தப் பொதி என் மடிக்கு வந்துவிட்டு அவர் மடிக்குத் திரும்பியது. ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று சக்கரம் சேற்றில் புதைந்து சாய்ந்து நின்றது. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் இறங்கி லொறிக்காரன் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே பஸ் டிரைவர் இறங்கிப் போய், லொறிக்காரரோடு நெடுநேரம் பேசினார். என்ன பேசுகிறார்கள் என்று சேரிடம் கேட்டேன்.

"உங்க அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்கிறார்."

"லொறியைப் பத்தி?"

"அதுக்கு இன்னும் வரலை."

கருவாட்டு அம்மா என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். சேர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "இந்த ஐயா மடியில என் கருவாட்டை வச்சதும் மூச்சையே விடலை, பாவம், யாராவது இறக்கிவிடுங்கன்னு சொல்றாங்க." நான் இறங்கிவிட்டேன்.

லொறி எழும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் சேர் நடக்கலாம் என்றார். குறுக்குப் பாதை கீழ் டிவிசன் வழியாகப் போகிறது. ஒரே தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பகுதி. நடுவில் ஒரு ஓடையும் நிறையத் தேயிலையும். "வந்தது வந்துட்டோம், மாரியாயி அக்காவையும் ஒருக்கா கேட்டுப் பாத்துருவோம்" என்றார் சேர். யார் அது என்று கேட்டேன். "ஒப்பாரி பாடுறதுல இந்தப் பக்கம் அவங்களை மிஞ்ச ஆளில்லை. நம்ம பாட்டுப் பட்டறைக்கு வரமாட்டேங்கிறாங்க" என்றார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இடுப்பில் நனையாமல் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் துணி. மாரியாயிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். எங்களைக் கண்டதும் கூடையை இறக்காமலே பேச ஆரம்பித்தார்.

"வாங்க சேர். போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேக்கத்தானே?"

"இவரு இந்தியாவுல இருந்து வந்திருக்காருக்கா. போட்டோ எடுக்க."

"அதுக்காக? இந்தியாவுல இருந்து ஆளைக் கூட்டியாந்தா நான் மேல ஏறி வந்துருவேனா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா சாப்பிட்டீங்களா? மூஞ்சியே காஞ்சு கெடக்கு. ஆமா, நான் மாரடிச்சு அழுவுறப்ப படம் எடுப்பீங்களோ? பொணத்துக்கு எங்க போவீங்க? நீங்களே படுத்துக்குவீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சேர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தோணி அண்ணனுக்கு ரொம்ப முடியலைக்கா. நெஞ்சுச் சளி. இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்கன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"தெரியும்."

"ஒருக்கா வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போங்களேன்."

"சேர், நான் வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். அந்தாளு சாவுக்குத்தான் அந்த வாசலை மிதிப்பேன். சேதி வரட்டும், வர்றேன்."

கூடையைத் தராசுப் பக்கம் தூக்கிப்போனார். அதற்கு மேல் எங்களைப் பார்க்கவில்லை.

மேலே ஏறும்போது சேர் விஷயத்தைச் சொன்னார். அந்தோணி மாரியாயியின் கூடப்பிறந்த அண்ணன். ரோசம்மா என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டி வேதத்தில் சேர்ந்தவர். அதில் யாருக்கும் சண்டை இல்லை. இவர்கள் அம்மா இறந்தபோது மாரியாயி மொனராகலையில் கரும்புத் தோட்டத்து வேலையில் இருந்தார். அடைமழை. மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. பிணத்தை வைத்திருக்க முடியாது என்று அந்தோணி அடக்கம் செய்துவிட்டார். மாரியாயி சேற்றிலும் கல்லிலும் நடந்து வந்து சேர்ந்தபோது குழியில் மண் காயத் தொடங்கியிருந்தது. "எங்காத்தா மொகத்தைப் பாக்கவுடாம பொதைச்சிட்டல்ல, இனி உன் சாவுக்குத்தான் உன் வாசலுக்கு வருவேன்" என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் எல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போனவர்தான். வருசக்கணக்காகிறது. பிறகு இதே தோட்டத்துக் கீழ் டிவிசனுக்கு வந்து வேலை செய்தும், ஓடையைத் தாண்டவில்லை.

"அந்தோணி அண்ணன் கேக்குறது இப்ப ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் சேர். "தங்கச்சியைப் பாக்கணும்."

அன்று இரவு சேர் வீட்டில் எனக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் போட்டார்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ பிசைந்து தட்டிய தடித்த ரொட்டி. மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. சேரின் மனைவி பயந்துபோய், "காரமாங்க?" என்றார். இல்லை, நல்லா இருக்கு என்று சொல்லி இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன். காரமும் உண்மை, நன்றாக இருந்ததும் உண்மை.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் பனி பிடித்துக்கொண்டது. வெளியே குளிர், உள்ளே அறுபது எழுபது பேரின் மூச்சுச் சூடு. துடைக்கத் துடைக்க மூடியது. அதனால் கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஒளிந்துகொள்ள இடம் இல்லாதவன்போல் இருந்தது எனக்கு. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருமே கொண்டுவந்தும் கொடுத்தார்கள். பாலில்லாத பிளேன்டீ, கடித்துக்கொள்ளக் கையில் ஒரு துண்டு கருப்பட்டி. தேயிலை விளையும் மலையில் எப்படிப்பட்ட டீ கிடைக்குமோ என்று நினைத்து வந்தேன். இவர்கள் குடிப்பது கழித்துப்போட்ட தூள்தான். நல்ல இலையெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறதாம். எங்கள் டவுன் டீக்கடையில் நான் குடிப்பதைவிட இது தண்ணியாக இருந்தது. ஆனால் சூடு நன்றாக இருந்தது.

ஸ்பிரிங்வெளிக்காரர்கள் காமன் கூத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கும்மி. மாதா கோயில் பாட்டுக் குழு, கும்மி மெட்டிலேயே பாலன் பிறப்புப் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டியது. ஹல்துமுல்லைப் பெண்கள், "மெட்டு எங்களது, சாமி உங்களது, சரியாப் போச்சு" என்று சொல்லிக் கை தட்டினார்கள். மத்தியானத்துக்கு முன் ஆம்பளைகளுக்குத் தாலாட்டு. தப்பு அடிக்கும் ராஜு என்பவர் பிள்ளைக்குப் பதிலாக ஒரு மடித்த சாக்கை மார்பில் போட்டுக்கொண்டு ஆடினார். இடி மாதிரிக் குரல்.

"மெதுவாடா, புள்ள முழிச்சுக்கிட்டு பெரட்டுக்குப் போயிரும்" என்று ஒரு பெண் கத்தினார். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்.

இதற்குள் லென்ஸ் தெளிந்திருந்தது. ராஜுவையும் சாக்குப் பிள்ளையையும் எடுத்தேன். பெண்களை எடுக்கப் போனால் எல்லோரும் சட்டென்று பாட்டை நிறுத்தி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்று நேராகப் பார்த்தார்கள். பாடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒருவர், "இந்தப் போட்டோக்காரரு நம்மளைவிட வெக்கப்படுறாருடி" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தப்பு. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை இங்கே மிலாறு என்கிறார்கள். அதில் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, ராஜுவும் கூட்டாளிகளும் ஒவ்வொரு அடியாக அடித்துக்காட்டினார்கள். பெரட்டுக்குக் கூப்பிடும் அடி, சாமி புறப்படும் அடி, கல்யாண அடி. சேர் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் எல்லாவற்றையும் பிடித்தார். பிடித்துவிட்டு, "இனி சாவு அடி" என்றார்.

ராஜு தப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அது முடியாது சேர். சாவு இல்லாம அதை அடிக்கக் கூடாது. நாங்க படிச்சதே சாவு வீட்டுலதான்."

"பாடத்துக்குத்தானே?"

"பாடத்துக்குன்னு தப்புக்குத் தெரியுமா? சும்மா அடிச்சா லயத்துல ஒண்ணு விழுந்துரும்பாங்க."

எங்கள் ஊரிலும் இதே பேச்சு உண்டு. பறை பழகுகிறவர்கள் சாவு அடியைத் தரையில் விரலால் தட்டிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சேர் விடுவதாக இல்லை. ராஜுவும் விடுவதாக இல்லை. கடைசியில், அந்தோணியைக் கேட்போம், அவர் சரியென்றால் அடிக்கிறோம் என்று முடிவானது. அந்தத் தப்புக் கூட்டத்துக்கு முன்னால் நின்று இத்தனை காலம் அடித்தவர் அந்தோணிதான்.

அவர் வீடு லயத்தின் கோடியில் இருந்தது. ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் மாதா படம். மூச்சு இழுக்கும்போது விசில்போல் ஒரு சத்தம். ஆனால் கண்ணில் குறும்பு இருந்தது.

"தங்கச்சி வந்தாளா?" இதுதான் முதல் கேள்வி.

"இல்லண்ணே" என்றார் சேர்.

"நாளைக்கு அவளுகளுக்கு லீவுதானே?"

"இல்லைங்க" என்றார் ராஜு. "கீழ் டிவிசனுக்கு நாளைக்கும் கொழுந்து எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஓடைக்கரை மலையில."

"ஓகோ" என்றார் அந்தோணி. கொஞ்ச நேரம் இருமினார். ரோசம்மா வெந்நீர் கொடுத்தார். பிறகு சேர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

அந்தோணி ராஜுவைப் பார்த்துச் சிரித்தார். "பயமா இருக்காடா? லயத்துல ஒண்ணு விழுந்தா எது விழும்? நான்தான். நான் எப்படியும் விழுறதுதான். என் பேரைச் சொல்லி அடிங்க, குத்தம் யாருக்கும் வராது."

ரோசம்மா, "மாதாவே, இந்த மனுசன் வாயைப் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆனா மண்டபத்துல வேணாம்" என்றார் அந்தோணி. "அது கோயிலு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போங்க. அங்க நின்னு அடிச்சாத்தான் சத்தம் கலையாது. சேர் மெசினுக்கும் அதுதான் நல்லது."

"ஆம்பளை சாவுக்கா, பொம்பளை சாவுக்காண்ணே?" என்று கேட்டார் ராஜு. இரண்டுக்கும் எடுப்பு வேறு என்று சேர் எனக்கு விளக்கினார்.

"ஆம்பளைக்கே அடி."

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "தம்பி, நாளைக்கு அவங்க அங்க அடிக்கும்போது நீங்க இங்க வாங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி ஒரு படம் எடுங்க. தூரத்துல இருக்கிறதை எடுக்கிற கண்ணாடி வச்சிருக்கீங்கல்ல? அதையும் கொண்டாங்க."

அதை எதற்குக் கேட்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வயதானவர்களுக்குப் பெரிய லென்ஸைப் பார்க்க ஆசை இருக்கும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராஜுவின் கூட்டம் மேட்டுக்குப் போனது. சேரும் ரோசம்மாவும் மற்ற எல்லோரும் கூடவே போனார்கள். நான் மட்டும் அந்தோணி வீட்டுக்கு வந்தேன். பனி விலகி நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாக அது அவர் முகத்தில் பாதியில் விழுந்தது. அன்று காலை முகம் மழித்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி விழுந்தது. நான் பல சாவுகளில் படம் எடுத்தவன். இருந்தாலும் அந்தச் சத்தம் மலையில் போய் முட்டி இரண்டாகத் திரும்பி வந்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தோணியின் விரல்கள் போர்வையின்மேல் கூடவே தட்டின. "ராஜு பய ஓடுறான். நிதானம் இல்ல" என்றார். நான் நாலைந்து படம் எடுத்தேன்.

"தம்பி, அந்தத் தூரக் கண்ணாடியை மாட்டுங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் மலையில என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

மாட்டிப் பார்த்தேன். பச்சை மலையில் பெண்களின் தலைத்துணிகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. ஒருவர்கூடக் கை அசைக்கவில்லை. எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள்.

"வேலையை விட்டுட்டு நிக்கிறாங்க" என்றேன்.

"ம்."

"இறங்குறாங்க. ஓடைப் பக்கம் வர்றாங்க."

"முன்னால யாரு?"

லென்ஸைத் திருகினேன். மற்றவர்களைவிட வெகு முன்னால் ஒருவர் ஓடிவந்துகொண்டிருந்தார். கூடையை இறக்காமலே ஓடினார். ஓடைக்கல்லில் கால் தடுக்கி விழுந்து எழுந்தார். கொழுந்து சிதறியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மாரியாயி.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எதிர்மலைக்குச் சத்தம் போகும் தண்ணித்தொட்டி மேடு, ஆம்பளைக்கு எடுக்கும் எடுப்பு, மழித்த முகம், வெள்ளைச் சட்டை. கீழ் டிவிசனில் எல்லோருக்கும் மேலே யார் சாகக் கிடக்கிறார் என்று தெரியும். ஓடைக்கரை மலையில் போனும் எடுக்காது.

"ஐயா, நான் போய் சொல்லிட்டு வந்துர்றேன். அந்தம்மா விழுந்து எந்திரிச்சு ஓடிவர்றாங்க" என்றேன்.

அந்தோணி என்னைப் பார்த்தார். முகத்தில் அந்தக் குறும்பு இல்லை. "எங்காத்தாவுக்கு அவ நடந்துதான் வந்தா தம்பி. வந்து பாத்தா ஆளு இல்ல. இன்னைக்கு ஓடி வர்றா. இருந்துட்டுப் போறேன். பேசாம உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வருகிற ஒன்று. அன்று அது சுலபமாக இல்லை. அவர் தலைமயிரைக் கையால் நீவிக்கொண்டு, கண்ணை மூடி, கைகளை மார்பில் வைத்துக்கொண்டார்.

மாரியாயி வாசற்படிக்கு வந்ததும் கூடையோடு விழுந்தார். உள்ளே கட்டிலைப் பார்த்தார். மூலையில் இருந்த என்னை அவர் கண் பார்க்கவில்லை. தலைத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மார்பில் அடித்துப் பாட ஆரம்பித்தார். மூச்சிரைப்புக்கு நடுவில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"பச்ச மல எறங்கி வந்தேன் – என் கூடப்
பொறந்த பொறப்பே
பாதி வழி வந்தவுடன் – எனக்குப்
பாத மறஞ்சிருச்சே..."

கட்டிலில் படுத்திருந்தவரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு இறங்கியது. நான் அதைப் பார்த்தேன். மாரியாயி அடுத்த அடிக்கு வாய் திறந்தார். அந்தோணிக்கு இருமல் வந்துவிட்டது.

அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டில் ஆட ஆட இருமினார். பின்னால் வந்து சேர்ந்த பெண்கள் வாசலில் நின்று "ஆத்தாடி!" என்று அலறினார்கள். ஒருத்தி திரும்பி ஓடியே விட்டாள். மாரியாயி திறந்த வாயோடு அப்படியே இருந்தார். என் விரல் பழக்கத்தில் ஒரு படம் எடுத்துவிட்டது.

இருமல் நின்றது. "தண்ணி" என்றார் அந்தோணி.

மாரியாயி எழுந்து, மூலையில் இருந்த குடத்தில் மொண்டு கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை முதுகைத் தடவிவிட்டார். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தலைத்துணியை எடுத்து அவரை அடிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி மனுசா! உசுரோட இருந்துக்கிட்டா தப்படிக்கச் சொன்னே? ஈரக்கொலையே அந்து போச்சே! கால் முட்டி பேந்து போச்சு, பாரு! பாரு!"

"மெதுவா அடி, நெசமாவே போயிருவேன்" என்றார் அந்தோணி.

"போ! போய்த் தொலை!" என்று சொல்லிவிட்டு அவர் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதார். இப்போது பாட்டு இல்லை, வெறும் அழுகை.

அந்த நேரம் பார்த்து, கீழ் டிவிசனில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். சாவு என்றால் வேலையை நிறுத்த வேண்டும். ஆனால் தோட்டத்துத் துரைக்கு யார் பேரைச் சொல்வது என்று தெரிய வேண்டுமல்லவா? வாசலில் செருப்பைக் கழற்றி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "யாருங்க செத்தது?" என்றார்.

"யாரும் சாகலைங்க" என்றார் கட்டிலில் இருந்து அந்தோணி.

கணக்கப்பிள்ளை அவரைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "அப்ப எதுக்கு எல்லாரும் மலையை விட்டு வந்தீங்க?"

ஒரு பெண், "நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்" என்றார்.

மேட்டிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். ராஜு வெளுத்துப்போய் நின்றார். ரோசம்மா விஷயம் கேட்டதும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணியைக் கரைத்து, அந்தோணி தலையில் தெளித்து, அதோடு நிற்காமல் கட்டில், சுவர், நான், கேமரா எல்லாவற்றுக்கும் தெளித்தார். உயிரோடு இருக்கிறவருக்கு அழுதுவிட்டால் ஆயுசு கெட்டியாகும் என்று பெண்கள் சொன்னார்கள். இதை எங்கள் ஊரிலும் சொல்வார்கள்.

ஸ்டீபன் சேர் பயந்து பயந்து மாரியாயி பக்கத்தில் போனார். "அக்கா, எனக்குச் சத்தியமாத் தெரியாது. நீங்க அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு..."

மாரியாயி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் மடுவத்தில் கேட்டதுபோல் உரத்துவிட்டது.

"நான் சொன்ன சொல்லு தவறலை சேர். சாவுக்குத்தான் வருவேன்னேன், சாவுக்குத்தான் வந்தேன். இந்தாளு சாகாம இருந்தா அது என் குத்தமா?"

"அது என் குத்தம்தான்" என்றார் அந்தோணி.

அன்று மத்தியானம் மாரியாயி அந்த வீட்டு அடுப்பில் சமைத்தார். ஓடையில் சிதறாமல் கூடையில் தங்கிய இளங்கொழுந்தில் ஒரு கைப்பிடி எடுத்து, பொடியாக அரிந்து, தேங்காயும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல் செய்தார். தேயிலையைப் பச்சையாகத் தின்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். முதலில் கசந்து, பிறகு வாயெல்லாம் துவர்ந்தது. அண்ணனுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினார். ஊட்டும்போது திட்டிக்கொண்டே இருந்தார். அம்மாவை எந்த இடத்தில் அடக்கம் செய்தீர்கள், தலை எந்தப் பக்கம், யார் யார் மண் போட்டார்கள், என்ன சேலை கட்டிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தோணி மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அந்த நேரத்தில் கேமராவை எடுக்க எனக்குக் கை போகவில்லை. எழுந்து வெளியே வந்து, ராஜு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் ஓடினேனாம்ல?" என்றார் ராஜு. "நிதானம் இல்லைன்னு சொன்னாராம்."

"ஆமாங்க."

"அடுத்த தடவை நிதானமா அடிப்பேன்" என்றவர், சொன்னதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாரியாயி அன்று கீழே போகவில்லை. சாயங்காலம் எல்லோரும் நான் எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் சுற்றி நின்று பார்த்தார்கள். திறந்த வாயோடு இருக்கும் மாரியாயியின் படம் வந்தது. எடுத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இவ ஏன்டி இப்படி முழிக்கிறா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். அந்த இரண்டு நாளில் நானாக யாரிடமும் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். "மாட்டுங்க. பக்கத்துலயே இந்தாளு இருமுறதையும் மாட்டுங்க" என்றார்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். எல்லோரும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடைபெற அந்தோணி வீட்டுக்குப் போனோம். மாரியாயி வாசலில் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராக நின்றார். சாயங்காலம் திரும்பி இங்கேதான் வரப்போவதாகச் சொன்னார். சேருக்கு இன்னும் ஒரு குறை. சாவு அடி பதிவாகிவிட்டது. ஒப்பாரி பதிவாகவில்லை. அந்த நாலு வரியைக் கேட்டது அந்தோணியும் நானும் வாசலில் நின்ற சில பெண்களும்தான். சேர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அக்கா, நேத்து ஆரம்பிச்ச பாட்டு பாதியில நின்னு போச்சே. மிச்சத்தையும் ஒருக்கா பாடினீங்கன்னா..."

மாரியாயி படங்கின் முடிச்சை இறுக்கினார். "மிச்சம் இருக்கட்டும் சேர். அது இந்தாளுக்கு வச்சது. அப்பறம் பாடிக்கிறேன்."

உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் அந்தோணியின் குரல் வந்தது.

"அவசரம் ஒண்ணுமில்லைன்னு சேர்கிட்ட சொல்லு."